எட்டில் ஒரு பங்கு

டோரா ஷட்டில்வொர்த் எனக்கு நூற்றைம்பது பவுண்டு கடன்பட்டிருந்தாள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் கராஜ் மேஜை மேல் வைத்து எண்ணிக் கொடுத்தேன். அன்று மதியமே அந்தப் பணம் ஹார்ஸ்டன் நகரமன்றத்தில் தேர்தல் அதிகாரியின் இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது. டோரா பார்லிமென்ட் தேர்தலுக்கு நின்றாள். அதற்குக் கட்டிய டெபாசிட் அது.

நான் ஜாப் கிரிம்ஷா. லங்காஷயரில் எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து கடற்கரைக்குப் போனவர்களைக் கேட்டால் என் பெயர் தெரியும், ஏனென்றால் என் கோச் பஸ்ஸில்தான் போயிருப்பார்கள். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். பஞ்சாலையில் ஓடுகிற எந்திரத்துக்குக் கீழே ஊர்ந்து ஊர்ந்து கூட்டினேன். இன்றைக்குப் பதினேழு வண்டி வைத்திருக்கிறேன், ஒன்றின் மேலும் ஒரு பென்னி பாக்கியில்லை. படித்தவர்கள் மூன்று பேர் என் கணக்கை எழுதுகிறார்கள், தப்பு இருந்தால் நான்தான் கண்டுபிடிக்கிறேன். ஆனால் இது என் கதை இல்லை. டோராவைப் பற்றி யாராவது எழுத வேண்டும், படித்தவர் எவரும் எழுதக் காணோம். அதனால் நான் எழுதுகிறேன்.

டோரா பதினான்கு வயதில் கார்டிங் கூடத்துக்கு வந்தாள். பஞ்சைச் சிக்கெடுக்கிற இடம் அது. உள்ளே போனால் எதிரே நிற்பவர் முகம் தெரியாது, அவ்வளவு தூசி. சில வருஷம் கழித்து வில்ஃப் ஷட்டில்வொர்த்தும் அங்கே வேலைக்கு வந்தான். கார்டிங் எந்திரத்தின் கம்பிப் பல்லில் அடைத்த பஞ்சை உரித்தெடுப்பது அவன் வேலை. ஆலையிலேயே மோசமான வேலை அது. இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பிள்ளை இல்லை. காலையில் வாசற்படியைக் கல்லால் தேய்த்து வெளுக்காமல் டோரா வேலைக்குப் போனதில்லை. வெள்ளிக்கிழமை இரவு வினிகர் ஊற்றிய மாட்டுக்குடல், சனிக்கிழமை கால்பந்து, வருஷத்துக்கு ஒரு வாரம் என் வண்டியில் கடற்கரை. இப்படித்தான் இருந்தார்கள்.

நாற்பத்தாறு வயதில் வில்ஃபுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. முதலில் திங்கட்கிழமைகளில் மட்டும் நெஞ்சு அடைத்தது. பிறகு வாரம் முழுக்க. பிறகு மாடிப்படி ஏற முடியாமல் கட்டிலை முன்னறைக்கு இறக்கினோம், தூக்கியவன் நான். அரசாங்க மருத்துவக் குழு வந்து பார்த்தது. பஞ்சுத் தூசிதான், சந்தேகமே இல்லை என்று எழுதிக் கொடுத்தது. கூடவே இன்னொரு வரியும் எழுதியது. சட்டப்படி தூசியில் இருபது வருஷம் வேலை செய்திருந்தால்தான் ஓய்வூதியம். வில்ஃப் செய்தது பத்தொன்பது வருஷம் ஏழு மாதம். மில் சரக்கு விலை போகாமல் ஐந்து மாதம் பூட்டிக் கிடந்ததே, அது கணக்கில் வராது.

ஐந்து மாதம்.

டோரா எங்கள் எம்.பி.க்குப் பதினோரு கடிதம் எழுதினாள். தடித்த தாளில் பதினோரு பதில் வந்தது. எல்லாம் ஒரே பதில். பிறகு என் வண்டியில் லண்டன் போனாள். நானே ஓட்டிக்கொண்டு போனேன். பார்லிமென்ட் நடுக்கூடத்தில் பச்சை அட்டை ஒன்று தருவார்கள். உன் பேரும் யாரைப் பார்க்க வேண்டும் என்பதும் எழுதிக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார வேண்டும். நாலு மணி நேரம் உட்கார்ந்தோம். வந்தார். நல்ல மனிதர்தான், கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சட்டத்தைத் திருத்தணும்மா. அது என் கையில இல்ல. கட்சிக் கொறடா எந்தப் பக்கம் போகச் சொல்றாரோ அந்தப் பக்கம் போய்த்தான் நான் ஓட்டுப் போடணும்."

"அப்போ உங்களை எதுக்கு நாங்க அனுப்பினோம்? கொறடாவையே அனுப்பியிருக்கலாமே" என்றாள் டோரா.

அவர் சிரித்தார். அடுத்த வருஷம் ஒரு வங்கியில் பெரிய நாற்காலி கிடைத்தது, போய்விட்டார். அதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள். எங்கள் நாட்டில் எம்.பி. தன் பதவியை ராஜினாமா செய்ய வழியில்லை. மகாராணியின் நிதியமைச்சரிடம் பெயருக்கு ஓர் அரசு உத்தியோகம் கேட்டு வாங்க வேண்டும். சம்பளம் இல்லாத, வேலை இல்லாத, முந்நூறு வருஷத்துப் பழைய உத்தியோகம். அதை வாங்கிய நிமிஷமே இடம் காலி. வேலையே இல்லாத வேலைக்கு அமைச்சர் கையெழுத்துப் போட்ட அந்த வாரம்தான் வில்ஃபுக்கு உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது.

இடைத்தேர்தல் வந்தது. டோரா கராஜுக்கு வந்தாள். தலையில் துணி, மேலே மழைக்கோட்டு, கையில் ஒரு தாள்.

"ஜாப், நான் நிக்கப் போறேன்."

"எங்க?"

"எலெக்ஷன்ல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீ ஜெயிக்க மாட்ட, டோரா."

"ஜெயிக்கப் போறேன்னு எவன் சொன்னான்? ஆளுங்கட்சிக்கு சபையில மூணே பேர்தான் கூட. இந்த சீட்டு போனா அவங்க பொழைப்பு நாறிடும். நேத்து அந்தக் கட்சி ஏஜென்ட் பிளெவின்ஸைப் போய்ப் பார்த்தேன். என்ன சொன்னான் தெரியுமா? 'டெபாசிட்டைக் காப்பாத்திக் காட்டுங்க அம்மா, கொறடாவையே உங்க அடுப்படிக்குக் கூட்டிட்டு வர்றேன்'னான். கிண்டலாத்தான் சொன்னான். ஆனா பத்து பேரு முன்னாடி சொன்னான்."

"டெபாசிட்டுக்கு எத்தனை ஓட்டு வேணும்?"

"விழுந்த ஓட்டுல எட்டுல ஒரு பங்குக்கு மேல. நாலாயிரம்னு வச்சுக்க. அந்த நாலாயிரம் இல்லாம அடுத்த பொதுத்தேர்தலுக்கு எவனும் இந்த ஊர்ப் பக்கம் வர முடியாது. வில்ஃப் உயிரோட இருக்கறப்பவே சட்டத்தைத் திருத்துவாங்க, ஜாப். டாக்டர் ஆறு மாசம்னு சொல்லியிருக்காரு. ஆறு மாசம் போதும்."

அப்போது என்னிடம் நாலு வண்டிதான். இரண்டு தவணையில் இருந்தது. நூற்றைம்பது பவுண்டு என்பது ஓட்டுநர் ஒருவனின் மூன்று மாதக் கூலி. நான் கொடுத்தேன். அந்த ஊரில் வேறு எவனும் கொடுத்திருக்க மாட்டான். அவளுடைய தேர்தல் ஏஜென்டாகவும் நானே கையெழுத்துப் போட்டேன். வேட்புமனுவில் ஊர்க்காரர் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும். முதல் கையெழுத்து வில்ஃப். கட்டிலில் சாய்ந்து, பலகையை மடியில் வைத்து, தன் பெயரை எழுதி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினான்.

"ஷட்டில்வொர்த்னு நீளமா பேரு வச்சிருக்காங்க பாரு, எங்கப்பன் வகையில" என்றான். "சின்னப் பேரா இருந்தா பொழைச்சிருப்பேன்."

பிரசாரம் மூன்று வாரம். பெரிய கட்சிகள் இரண்டும் லண்டனிலிருந்து மந்திரிகளையும் தலைவர்களையும் இறக்கின. ஒலிபெருக்கி, கோட்டில் குத்துகிற கட்சி ரிப்பன் பூ, சுவரொட்டி. டோராவிடம் ஒலிபெருக்கி இல்லை. ஒரு நாள் வேலை விடுகிற நேரம் மில் வாசலில் அவளைப் பேச நிறுத்தினேன். எதிரே பிளெவின்ஸின் வண்டி வேண்டுமென்றே வந்து நின்று முழக்கியது. எங்கள் ஆட்கள் தறிச் சத்தத்தில் முப்பது வருஷம் இருந்தவர்கள். காது பாதி போய்விட்டது, உதட்டைப் பார்த்தே பேசுவார்கள். டோரா ஒரு பெட்டி மேல் ஏறினாள். வாயை அகலமாகத் திறந்து, குரலே இல்லாமல், உதட்டால் மட்டும் பேசினாள். தெருவின் அந்தக் கோடிவரை பெண்கள் அப்படியே நின்றார்கள். ஒருத்தி அதே மாதிரி குரலில்லாமல் பதில் சொன்னாள். சிரிப்பு கிளம்பியது. பிளெவின்ஸ் ஒலிபெருக்கியைக் கத்தவிட்டபடி நின்றான், என்ன நடக்கிறது என்றே அவனுக்குப் புரியவில்லை.

"என்ன சொல்றாங்க அந்தம்மா?" என்று என்னிடம் வந்து கேட்டான்.

"உங்க ஆள் வாயை மூடினா உங்களுக்கே கேக்கும்" என்றேன்.

டோரா சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஐந்து மாதம் என்றாள். ஐந்து மாதம், ஐந்து மாதம் என்று விரலை விரித்துக் காட்டினாள். அவ்வளவுதான் அவளுடைய பேச்சு.

அந்த மூன்று வாரத்தில் வில்ஃப் இறங்கிக்கொண்டே போனான். டாக்டர் ஆறு மாசத்தை மாற்றிக்கொண்டார். எத்தனை என்று புதிதாகச் சொல்லவில்லை. டோரா பகலில் கதவு கதவாகத் தட்டுவாள், வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவன் முதுகை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். படுத்தால் அவனுக்கு மூச்சு நின்றுவிடும்.

ஓட்டு நாள் மழை. தபால் ஓட்டுக்கு மனுக் கொடுக்கும் தேதி எங்களுக்குத் தெரிவதற்குள் போய்விட்டது. என் நாலு வண்டியும் கராஜில் சும்மா நின்றன. வாடகைக்கு ஓடுகிற வண்டியில் வாக்காளரை ஏற்றினால் குற்றம், ஏஜென்ட் ஜெயிலுக்குப் போக வேண்டும். ஊரிலேயே அதிக வண்டி வைத்திருந்தவன் அன்றைக்கு ஒருவரையும் ஏற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலி ஒன்றை இரவல் வாங்கி, வில்ஃபைப் போர்வையில் சுற்றி, பள்ளிக்கூடத்து மேட்டில் நானே தள்ளிக்கொண்டு போனேன்.

"வேகமா போகாத, ஜாப்" என்றான். "காத்து எதிர்த்து அடிக்குது. மூக்குக்குள்ள போற காத்தை என்னால வெளிய விட முடியல."

ஓட்டுச்சாவடித் தடுப்புக்குப் பின்னால் அவனைத் தனியே விட்டேன். நெடுநேரம் ஆனது. வெளியே வரும்போது முகம் வெளுத்திருந்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தான்.

எங்கள் ஊரில் எண்ணிக்கை மறுநாள் காலையில். நகரமன்றத்தில் நீள மேஜைகள், வங்கிக் குமாஸ்தாக்கள் எண்ணினார்கள். ஆளுங்கட்சி ஜெயித்துவிட்டது என்று பதினோரு மணிக்கே தெரிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் எங்கள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். செல்லும் ஓட்டு முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபத்து நாலு. அதில் எட்டில் ஒன்று மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று. அதைத் தாண்ட வேண்டும். டோராவுக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது.

மறுபடி எண்ணச் சொன்னேன். எண்ணினார்கள். இரண்டு கூடியது. இன்னும் பதின்மூன்று வேண்டும்.

"செல்லாத ஓட்டைக் காட்டுங்க" என்றேன்.

தேர்தல் அதிகாரி டாட்டர்சால் நகரமன்றத்தின் தலைமைக் குமாஸ்தா, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற மனிதர். ஐம்பத்தெட்டுத் தாளை வரிசையாக விரித்தார். தொடக்கூடாது, பார்க்கலாம். சிலவற்றில் கெட்ட வார்த்தை. சில வெறுமை. மீதி நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றிலும் டோராவின் பெயருக்கு நேரே தெளிவாக ஓட்டுக்கான பெருக்கல் குறி. பக்கத்தில் ஓர் எண். 112. 247. 90. 405.

மில்லில் எதில் குறி போட்டாலும் பக்கத்தில் உன் வருகை எண்ணைப் போட வேண்டும். கூலிப் புத்தகம், விடுமுறைச் சீட்டு, சங்கத்து வாக்கு, எல்லாவற்றிலும். எண் இல்லாத குறிக்குக் காசு வராது. சிறு வயதிலிருந்து அப்படியே பழகியவர்கள். இந்த ஓட்டு டோராவுக்குத் தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தவர்கள்தான் எண்ணைப் போட்டிருந்தார்கள். போடக்கூடாது என்று சாவடிச் சுவரில் ஒட்டியிருந்ததாம். நானும் அந்த ஒட்டுத்தாளின் முன்னால் பத்து தடவை நின்றேன், படிக்கவில்லை. ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியது ஏஜென்டின் வேலை. ஏஜென்ட் நான்.

"இது அவளுக்குத்தான் விழுந்திருக்குன்னு குருடனுக்கும் தெரியும்" என்றேன்.

"தெரியும், திரு. கிரிம்ஷா."

"அப்புறம் என்ன?"

"எண்ணைப் பார்த்தா ஆள் யாருன்னு கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்க முடிஞ்சா அது செல்லாது."

"எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

"மில் முதலாளி." குரலைத் தாழ்த்தினார். "கூலிப் புத்தகத்தைத் திறந்தா போதும். உங்க ஆளுங்களைக் காப்பாத்தத்தான் இந்தச் சட்டமே வந்துச்சு. எங்கப்பாவும் நெசவாளிதான். என்னால முடிஞ்சா செய்ய மாட்டேனா?"

"அந்த எண்ணை வச்சு ஒருத்தரையாவது கண்டுபிடிச்சுக் காட்டுங்க பார்ப்போம்!" என்று மேஜையைத் தட்டினேன்.

அப்போதுதான் டோராவைப் பார்த்தேன். இரண்டாம் வரிசையில் ஒரு தாளுக்கு மேலே அவள் விரல் நின்றிருந்தது. பெருக்கல் குறி நடுங்கி நடுங்கி, மூன்று தடவை எழுதியதுபோல் இருந்தது. பக்கத்தில் 318. வில்ஃபின் கூலி உறையை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருஷக்கணக்கில் பிரித்தவள் அவள். எனக்கும் அந்த எண் தெரியும்.

அவள் வாயைத் திறந்தால் அதிகாரி சொன்னது சரியாகிவிடும். திறக்காவிட்டாலும் ஒன்றும் மாறப்போவதில்லை. விரலை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"விடு, ஜாப்" என்றாள்.

டாட்டர்சால் நாற்பத்தொரு தாளின் மேலும் ஒவ்வொன்றாக 'தள்ளுபடி' என்று எழுதினார். நூற்றைம்பது பவுண்டும் அரசாங்கக் கஜானாவுக்குப் போயிற்று. ஜெயித்தவர் பால்கனியில் நின்று வழக்கப்படி போலீசுக்கு நன்றி சொன்னார். பிளெவின்ஸ் எங்கள் பக்கம் வந்தான், தொப்பியைக் கழற்றினான், ஏதோ சொல்ல நினைத்தான்.

"போப்பா" என்றாள் டோரா. "உன் கொறடாவுக்கு டீ போடற செலவு எனக்கு மிச்சம்."

அவள் வீட்டுக்கு நடந்தே போனாள், நான் பின்னால். முன்னறையில் வில்ஃப் தலையணையில் நிமிர்ந்து காத்திருந்தான்.

"தாண்டிட்டமா?"

"கிட்டத்துல வந்துட்டோம்."

"எவ்வளவு கிட்டத்துல?"

"ரொம்பக் கிட்டத்துல. மறுபடி எண்ணினாங்க. பிளெவின்ஸுக்கு மூஞ்சி செத்துப்போச்சு."

மூச்சு வாங்கிக்கொண்டான். "என் ஓட்டு சேர்ந்துச்சா?"

"அது சேராம?"

"நம்பர் போட்டேன். வேற எவன் கணக்குலயாவது எழுதிடுவாங்கன்னு."

டோரா அவன் முதுகுக்குப் பின்னால் போய்த் தலையணையைச் சரி செய்தாள். வெகுநேரம் சரி செய்துகொண்டே இருந்தாள். நான் அடுப்படிக்குப் போய் வேண்டாத தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். எதையும் தாங்குகிறவன் நான், என் அம்மாவைப் புதைத்த மறுநாள் வண்டி ஓட்டியவன். அந்த முன்னறைக்குத் திரும்பிப் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

பதினோராம் நாள் வில்ஃப் போனான். புது எம்.பி. சபை வழக்கப்படி பழைய உறுப்பினர் இருவர் நடுவில் நடந்துபோய், ஐந்து அடிக்கு ஒருமுறை குனிந்து, சபாநாயகரிடம் கை குலுக்கியதும் அந்த வாரத்தில்தான்.

அதன் பிறகு டோரா பள்ளிக்கூடத் தரை துடைத்தாள். என் கராஜ் வழியாகத்தான் போவாள், வருவாள். கடனை மறந்துவிடு என்று பத்துத் தடவையாவது சொன்னேன்.

"உனக்கு மறதின்னா வைத்தியரைப் பாரு" என்பாள். "எனக்கு ஞாபகம் இருக்கு."

எம்.பி.க்கு எழுதுவதையும் விடவில்லை. மாதம் ஒரு கடிதம், அதே ஐந்து மாதம். ஆட்சி மாறியது, எம்.பி. மாறினார், பதில் எழுதும் தாள் மட்டும் மாறவில்லை. ஒன்பது வருஷம் கழித்து அந்த இருபது வருஷக் கணக்கைச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, பாதி பேர் ஊருக்குப் போய்விட்ட சபையில், 'எதிர்க்கிறேன்' என்று ஒரு குரல் எழுந்திருந்தால் போதும், அன்றைக்கு அது செத்திருக்கும். யாரும் வாயைத் திறக்கவில்லையாம். இறந்தவர்களின் மனைவிகளுக்கும் பாக்கி உண்டு என்று அதில் இருந்தது. சண்டை இல்லை, பேச்சு இல்லை. பத்திரிகையில் இரண்டு அங்குலம் வந்தது. டோரா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள், அன்றைக்கும் தரை துடைக்கப் போனாள்.

பாக்கிப் பணம் தபாலாபீசுக்கு வந்த அன்று என் அலுவலகத்துக்கு வந்தாள். முதுகு வளைந்துவிட்டது, அவளுக்கும் இருமல். கணக்கு எழுதுகிறவர்கள் எழுந்து நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை.

"கையை நீட்டு, ஜாப்."

"டோரா, பதினேழு வண்டி வச்சிருக்கேன். இந்தக் காசு எனக்கு எதுக்கு?"

"உன் வண்டியைப் பத்தி எவன் கேட்டான்? டெபாசிட் போச்சுன்னு ஊரே சொல்லுது. உன்கிட்ட நான் வாங்கின கடன் போகலை. நீட்டு."

நீட்டினேன். நோட்டெல்லாம் புதுசு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக விரலை நாக்கில் தொட்டுப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தாள். நூறு தாண்டியதும் இருமல் வந்தது, நிறுத்தினாள், விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தைந்து. கடைசி ஐந்தை வைத்து, என் விரல்களை அதன் மேல் மடக்கிவிட்டாள்.